வாய் படாத பாத்திரம்

செப்டம்பர் 3, செவ்வாய்

என் பெயரில் ஒரு பொய்யை அச்சடித்துவிட்டார்கள். ஏலிம்புரம் சபையின் நூற்றைம்பதாம் ஆண்டு மலர், நாற்பத்தோராம் பக்கம், இரண்டாம் பத்தி. பின்னால் யாரும் இல்லையென்று சொல்ல முடியாதபடி அப்படியே இங்கே எழுதிவைக்கிறேன்:

"1984 முதல் 1989 வரை சேகரகுருவாகப் பணியாற்றிய அருள்திரு ச. பாக்கியநாதன் அவர்களின் தொலைநோக்கால், சுகாதாரத்தை முன்னிட்டு, நற்கருணையில் பொதுப் பாத்திரத்துக்குப் பதிலாகச் சிறு கண்ணாடிக் கிண்ணங்கள் அறிமுகம் செய்யப்பட்டன. நம் வட்டாரத்திலேயே இது முன்னோடி."

தொலைநோக்காம்.

நடந்தது இது. நற்கருணையில் குருவானவர் திராட்சை ரசத்தை முதலில் தான் பருகிவிட்டு, அதே பாத்திரத்தைச் சபையாருக்குக் கொடுக்க வேண்டும். அதுதான் முறை. என் வாய் பட்ட பாத்திரத்தில் வாய் வைக்க ஏலிம்புரத்தாருக்கு மனமில்லை. நான் எந்தச் சாதி, எந்தத் தெருவில் பிறந்தவன் என்பது நான் பெட்டியோடு போய் இறங்குவதற்கு முன்னமே அங்கே தெரிந்திருந்தது. அதனால் கிண்ணங்கள் வந்தன. இருநூற்று நாற்பது கிண்ணங்கள்.

அக்டோபர் 6 ஞாயிறு விழா. எனக்குப் பொன்னாடை போர்த்துவார்களாம். அழைப்பிதழும் மலரும் ஒரே கூரியரில் வந்தன.

வந்து என்ன செய்ய? ஜூனில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து பாளையங்கோட்டையில் மகள் எமீமாள் வீட்டு மாடியில் கிடக்கிறேன். இருபத்திரண்டு படிகள். படிக்கட்டின் தலைப்பில் ஒரு இரும்புக் கதவு. அவள் ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போகும்போது அதைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போகிறாள். நான் இறங்கி விழுந்துவிடுவேனாம். எண்பத்தொரு வயதில் எனக்கு எது விழும் எது விழாது என்று தெரியாதா?

செப்டம்பர் 4, புதன்

மலர் ஆசிரியர் கிங்ஸ்லிக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். தபாலில் சேர்க்கச் சொல்லி எமீமாளிடம் கொடுத்தேன். வாங்கிப் பைக்குள் வைத்தாள். ஒட்டியிருந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதற்கு?

செப்டம்பர் 6, வெள்ளி

"என் ஊழிய நினைவுகள்" என்று தனி நோட்டுப் போட்டு மூன்று ஆண்டாக எழுதிவருகிறேன். ஏலிம்புரம் வருகிற இடத்தில் மூன்று முறை நின்றிருக்கிறது. கை வலி. இன்று இங்கேயே எழுதிப் பார்க்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அப்பா அடுத்தவர் வயலில் உழுதார். நான் உபதேசியார் வீட்டில் விறகு பிளந்தேன். கூலி வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்றேன். பதினான்கு ஆண்டு நானே உபதேசியாராக ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்தேன். முப்பதாவது வயதில் தனியாக எழுதிப் பத்தாம் வகுப்பு முடித்தேன். கிரேக்க எழுத்துகளைப் பழைய காலண்டர் தாளின் முதுகில் எழுதிப் பழகினேன். எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. குருப்பட்டம் வாங்கியபோது கூட நின்றவர்கள் எல்லாம் பட்டதாரிகள். நான் ஒருவனே வேத வசனங்களை மனப்பாடமாகச் சொன்னேன்.

ஏலிம்புரத்தில் எனக்கு முந்தியவரை "ஐயரவாள்" என்றார்கள். எங்கள் பக்கத்துச் சபைகளில் குருவானவரை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவது. என்னை முதல் நாளிலிருந்து "பாஸ்டர்" என்றார்கள். நான் கவனித்தேன். என் மனைவி கிருபையும் கவனித்தாள்.

ஜூன் முதல் ஞாயிறு நற்கருணை. கோயில் நிறைய ஜனம். வரிசையாக வந்து முழங்காலிட்டு அப்பம் வாங்கினார்கள். நான் பருகிவிட்டு வெள்ளிப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். முழங்கால் போட்ட இடத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். மற்றவர்கள் அப்பத்தோடு எழுந்து போய்விட்டிருந்தார்கள். ஒன்பது பேரில் இரண்டு பேர் கிருபையும் எமீமாளும்.

ஆசீர்வதித்த ரசத்தைக் கீழே கொட்டக் கூடாது. மீந்ததைக் குருவானவரே பருகித் தீர்க்க வேண்டும். இருநூறு பேருக்கான ரசம். ஜனம் முழுக்கப் பார்த்திருக்க நின்றபடியே குடித்தேன். குருமனைக்குப் போய்த் தலை சுற்றிப் படுத்தேன். சாயங்காலம் தெருவில் ஒருவன் சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது: "நம்ம பாஸ்டரு நல்லா ஏத்திக்கிட்டாருல்லா!"

கிருபை சொன்னாள்: "அடுத்த மாசம் கொறச்சு ஊத்துங்களேன்."

"சபை எத்தன பேரோ அத்தன பேருக்குத்தான் ஊத்துவேன்."

"ஒடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"அவங்க வாரதும் வராததும் அவங்க இஷ்டம். அளவ நான் கொறைக்க மாட்டேன்."

அவள் சிரித்தாள். "நீங்க சரியான கோட்டி" என்றாள். அதன் பிறகு நற்கருணை ஞாயிறுகளில் காலையில் எனக்கு மட்டும் நாலு இட்லி கூடுதலாக வைத்தாள், வயிறு தாங்குவதற்கு. இரண்டு ஆண்டுக்கு மேல், மாதம் ஒரு முறை, நிறைய ஊற்றி நிறையக் குடித்தேன்.

பிறகு 1986 செப்டம்பரில் கிண்ணங்கள் வந்தன. காசநோய் பரவுகிறது என்று காரணம் சொல்லப்பட்டது.

கை வலிக்கிறது.

செப்டம்பர் 8, ஞாயிறு

இந்தத் தெருச் சபையின் போதகர் ரூபன் வந்தார். முப்பது வயது இருக்கும். படியேற முடியாதவர்களுக்கு வீடு தேடி நற்கருணை கொண்டுவருகிறார். நல்ல பையன்; என் கட்டில் பக்கம் தரையில் உட்கார்ந்தே ஜெபித்தார். பெட்டியைத் திறந்தார். உள்ளே சின்னக் கிண்ணங்கள், இப்போது பிளாஸ்டிக்.

அப்பம் வாங்கிக்கொண்டேன். கிண்ணம் நீட்டியபோது தலையை ஆட்டினேன்.

"ஐயா, மாத்திரை ஏதும் சாப்பிடுதீங்களா? ரசம் ஒத்துக்காதா?"

"எனக்கு அப்பம் போதும்."

அவர் போன பிறகு எமீமாள் காப்பி டம்ளரை வைத்துவிட்டு நின்றாள். "அம்மா மாதிரியே தலைய ஆட்டுதீங்க" என்றாள்.

காப்பியில் சீனி கூடுதல் என்று சொன்னேன்.

செப்டம்பர் 11, புதன்

கடிதத்துக்குப் பதில் இல்லாததால் கிங்ஸ்லிக்குப் போன் போட்டேன். அப்போதைய சபைச் செயலாளர் செல்லத்துரையின் மகன். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் அங்கே இருந்தபோது கல்லூரியில் படித்தான். குரல் அப்பனைப் போலவே பதமாக இருக்கிறது.

"ஐயா! மலர் கெடச்சுதா? ஒங்க போட்டோ கலர்ல வந்திருக்கு பாத்தீங்களா?"

"போட்டோ கெடக்கட்டும். என் கடிதம் வந்துச்சா?"

"கடிதமா? ஒண்ணும் வரலயே ஐயா."

"நாப்பத்தொண்ணாம் பக்கத்துல யாரு எழுதுனது?"

"நான்தான் எழுதுனேன். கொரோனா வந்தப்போ எல்லாச் சபையும் சின்னக் கிண்ணத்துக்கு மாறுனாங்கல்லா? அப்பவே சொன்னேன், நம்ம பாக்கியநாதன் ஐயா முப்பத்தஞ்சு வருசத்துக்கு முந்தியே செஞ்சதுன்னு."

"தம்பி, கிண்ணம் ஏன் வந்துச்சுன்னு ஒனக்குத் தெரியாதா? நீ அந்தக் கோயில்லதான இருந்த?"

தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னான்: "ஐயா, நான் எழுதுனது சபை மன்றக் குறிப்புப் புத்தகத்தப் பாத்து. அதுல என்ன இருக்கோ அதத்தான் போட்டேன். நீங்களே ஒருக்கா யோசிச்சுப் பாருங்க."

குறிப்புப் புத்தகமாம். பால்காரர் கூப்பிட்டார் என்று போனை வைத்துவிட்டேன்.

பால்காரர் காலையிலேயே வந்து போயிருந்தார்.

செப்டம்பர் 12, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. கதவு பூட்டியிருக்கிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

இதை எழுத மூன்று முறை உட்கார்ந்து எழுந்தேன். உட்கார்ந்து எழுவதே எனக்கு இப்போது ஒரு வேலை.

எமீமாள் காலை டூட்டிக்கு அவசரமாகப் போனாள். கதவைச் சாத்தினாள்; பூட்டுகிற சத்தம் கேட்கவில்லை. அரை மணி நேரம் காத்திருந்தேன். வாக்கரை விட்டுவிட்டு, தலைப்படியில் உட்கார்ந்து, பிள்ளைகள் மாதிரி பின்புறத்தால் ஒவ்வொரு படியாக இறங்கினேன். தபால் பெட்டி தெருமுனையில் இருக்கிறது. சட்டைப்பையில் இரண்டாவது கடிதம்.

ஐந்து படி இறங்கினேன். ஆறாவதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. இரண்டு பக்கமும் சுவர். கூப்பிட்டால் கீழ்வீட்டுக்காரர்கள் வருவார்கள். கூப்பிடவில்லை. சங்கீதங்களை ஒன்றாவதிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். முப்பத்தெட்டாவதில், கதவைப் பூட்டாதது நினைவுக்கு வந்து எமீமாள் திரும்பி வந்தாள்.

அவள் கத்தவில்லை. எனக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்து என் காலை எடுத்து மடியில் வைத்துப் பிடித்துப் பார்த்தாள். நர்ஸ் அல்லவா. பிறகுதான் சட்டைப்பையைப் பார்த்தாள்.

"இதுக்கா?"

"மொதல் கடிதம் போய்ச் சேரலன்னு கிங்ஸ்லி சொன்னான்."

"போய்ச் சேராது. எம்பையிலதான் இருக்கு."

"ஏன் போடல? ஒனக்கு என்ன அதிகாரம்?"

"பிரிச்சுப் படிச்சேன்பா."

"அடுத்தவங்க கடிதத்தப் பிரிக்கதுதான் ஒங்க ஆஸ்பத்திரில சொல்லிக்கொடுத்தாங்களோ?"

"நாலு பக்கம் எழுதியிருக்கீங்க. செல்லத்துரை செஞ்சது, மன்றம் செஞ்சது, ஊரு செஞ்சது எல்லாம் இருக்கு. நீங்க செஞ்சது ஒரு வரி இல்ல."

சட்டைப்பையில் இருந்த கடிதத்தை இன்னும் உள்ளே தள்ளினேன்.

"நர்சிங் ஸ்கூல்ல சேரச் சபைலேர்ந்து லெட்டர் கேட்டாங்க. செக்ரட்டரி மூணு மாசமா இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்தாரு. செப்டம்பர் மொத ஞாயித்துக்கிழம கிண்ணம் வந்துச்சு. புதன்கிழம லெட்டர் வந்துச்சு. எனக்குப் பதினேழு வயசுப்பா. கணக்கு தெரியாதா?"

"அது வேற, இது வேற."

"சரி, வேறதான்" என்றாள். "இந்த வேல, இந்தச் சம்பளம், இந்த வீடு, நீங்க உக்காந்திருக்க இந்தப் படி, எல்லாம் அந்த லெட்டர்ல வந்துதான். அவங்களத் திட்டி நீங்க ஊரெல்லாம் கடிதம் போட்டா, அத எங்கையால எப்படிப் போட?"

அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். ஐந்து படி ஏற அரை மணி நேரம். மேலே வந்ததும் கதவைப் பூட்டினாள். இந்த முறை இருவரும் உள்ளேயே இருந்தோம்.

செப்டம்பர் 16, திங்கள்

பேசிக்கொள்ளவில்லை. ரசம் சாதம். அப்பளம்.

செப்டம்பர் 19, வியாழன்

அவள் சொன்னது முழுக்கச் சரியல்ல. செல்லத்துரை பேரம் பேசவில்லை. அதையும் எழுத வேண்டும். அவர் குருமனைக்கு வந்து காப்பி குடிக்காமல் உட்கார்ந்தார். (எங்கள் வீட்டில் அவர் எப்போதும் காப்பி குடித்துவிட்டு வந்தவராகவே இருப்பார்.) "பாஸ்டர், மேலத்தெருத் தாத்தாவுக்கு காசநோய்னு டாக்டர் சொல்லிட்டாரு. பொதுப் பாத்திரம் ஆபத்து. மன்றம் முடிவு பண்ணியாச்சு. நீங்க ஒரு வார்த்த அறிவிச்சீங்கன்னா சபைக்கு நல்லது" என்றார். எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி, "நம்ம பாப்பா லெட்டர் வீட்டுலதான் இருக்கு, பாத்துட்டு அனுப்புதேன்" என்றார். அவ்வளவுதான்.

மேலத்தெருத் தாத்தா நடக்க முடியாமல் நான்கு ஆண்டாகக் கோயிலுக்கே வராதவர். அவர் எந்தப் பாத்திரத்திலும் வாய் வைத்ததில்லை. அது செல்லத்துரைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பைப் படித்தேன். ஏழு வரி. குரல் நடுங்கவில்லை.

அன்று கோயிலில் அத்தனை பேரும் எழுந்து போகாமல் முழங்காலிட்டிருந்தார்கள். அப்படி ஒரு நாளுக்காகத்தான் நான் இரண்டு ஆண்டு குடித்தேன். தட்டை ஏந்திக்கொண்டு போனேன். கண்ணாடிகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தமிட்டன. கிருபையிடம் வந்தேன். அவள் அப்பம் வாங்கியிருந்தாள். கிண்ணத்தை எடுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். நான் தட்டோடு நின்றேன். பின்னால் இருந்தவர்கள் இருமினார்கள். அடுத்தவரிடம் போனேன்.

வீட்டில் கேட்டதற்குச் சொன்னாள்: "கிண்ணத்த நான் ஒண்ணும் சொல்லல. அறிவிச்சது நீங்க. அதான் எனக்கு எறங்கல."

மூன்று ஆண்டு கழித்து மாற்றல் வந்தது. அடுத்த சபையில் பொதுப் பாத்திரம்தான். அங்கேயும் என் கையால் அப்பம் மட்டும் வாங்கினாள். அதற்கடுத்த சபையிலும். 2011இல், ஆஸ்பத்திரியில், கடைசி நாளைக்கு முந்திய நாளும் அப்படியே. இருபத்தைந்து ஆண்டு. வீட்டில் சமைத்தாள், சிரித்தாள், என் அங்கியை நீலம் போட்டு வெளுத்தாள். ஒரு நாளும் குத்திப் பேசவில்லை. குத்திப் பேசியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். என்னிடம் எப்போதும் பதில் இருக்கும்.

நான் தளர்ந்து எழுதவில்லை. ஏலிம்புரம் செய்தது அநியாயம். நான் செய்ததை எழுதினால் அது குறைந்துவிடாது.

செப்டம்பர் 22, ஞாயிறு

எமீமாள் விடுமுறை. கதவைத் திறந்துவைத்தாள். "படி ஏறி இறங்கணும்னா ஒழுங்காப் பழகுங்க. நல்ல கால மேல, கெட்ட கால கீழ" என்றாள். ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது கெட்ட காலை. இன்று மூன்று படி. இவள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளை இப்படித்தான் விரட்டுவாள் போலிருக்கிறது. பாவம் அவர்கள்.

செப்டம்பர் 25, புதன்

ஏழு படி. மாலையில் கிங்ஸ்லி நேரில் வந்தான். எமீமாள்தான் போன் செய்து கூப்பிட்டிருக்கிறாள். மஞ்சள் உறையில் ஒரு நகல் கொண்டுவந்தான். குறிப்புப் புத்தகம். "அறிவிப்பு: சேகரகுரு." கீழே என் கையெழுத்து. நேராக, அழகாகத்தான் இருந்தது.

"ஐயா, ஒங்களப் பெருமைப்படுத்தணும்னுதான் எழுதுனேன். வேற எப்படி எழுதச் சொல்லுதீங்க? 'எங்கப்பா இவரு வாய் பட்டதுல குடிக்க மாட்டேன்னுட்டாரு'ன்னா?"

"ஆமா. அப்படியே எழுது."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு நிறுத்தினான்.

"வெள்ளிப் பாத்திரம் இருக்கா?"

"இருக்கு ஐயா. கண்ணாடி பீரோல. வருசம் ஒருக்கா பாலிஷ் போட்டு வைக்கோம்."

"யாரு குடிக்கா?"

"யாரும் குடிக்கது இல்ல. பாக்கதுக்கு வச்சிருக்கு."

எமீமாள் காப்பி கொண்டுவந்தாள். அவன் டம்ளரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். குடித்தான். அவசரமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான். அப்பன் செய்யாததைச் செய்துவிட்டான், அதைக் குறித்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு டம்ளர் காப்பியில் நான் சமாதானமாகிவிட மாட்டேன்.

நான் சொன்னேன்: "நான் வாரேன். அந்தப் பாத்திரத்துலதான் நற்கருணை கொடுப்பேன். பக்கத்தத் திருத்தணும்."

"ஆயிரம் காப்பி அச்சடிச்சாச்சு ஐயா. எங்கப்பா பேரு..." என்று இழுத்தான். "மன்றத்துல கேக்குதேன். ஒத்துக்கிடுவாங்கன்னு நான் சொல்ல மாட்டேன்."

செப்டம்பர் 28, சனி

பன்னிரண்டு படி. ஏலிம்புரத்திலிருந்து போன் இல்லை.

திருத்தத்தை எழுதி எமீமாளுக்குப் படித்துக் காட்டினேன். உன் கடிதத்தைப் பற்றிய வரியை எடுத்துவிடவா என்று கேட்டேன். கூட வேலை பார்ப்பவர்கள் படித்தால் என்ன நினைப்பார்கள்?

வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். "இருக்கட்டும்பா. அத எடுத்துட்டா இதுவும் நாப்பத்தொண்ணாம் பக்கந்தான்" என்றாள்.

செப்டம்பர் 30, திங்கள்

மன்றம் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லும்வரை நான் காத்திருக்கப் போவதில்லை. செய்ய வேண்டியவற்றை எழுதிவைக்கிறேன். நகல் எடுத்து ஒவ்வொருவருக்கும் எமீமாள் அனுப்புவாள். இந்த முறை அனுப்புவாள்.

கிங்ஸ்லி: ஆயிரம் மலரிலும் நாற்பத்தோராம் பக்கத்தின் மேல் கீழ்க்கண்ட சீட்டை ஒட்ட வேண்டும். பசை என் செலவு. "சிறு கிண்ணங்கள் சுகாதாரத்துக்காக வரவில்லை. பாக்கியநாதனின் சாதி காரணமாக, அவர் வாய் பட்ட பாத்திரத்தைச் சபையார் மறுத்ததால் வந்தன. காரணம் பொய் என்று தெரிந்தே அதைக் கோயிலில் அறிவித்தவர் பாக்கியநாதன். அவர் மகளின் படிப்புக்கான கடிதம் அதே வாரம் கொடுக்கப்பட்டது. அவர் மனைவி கிருபை அன்றிலிருந்து சாகும்வரை அவர் கையால் ரசம் வாங்கவில்லை." ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது. தகப்பன் பெயரை நான் எழுதவில்லை. எழுதுவதும் விடுவதும் மகன் பாடு.

இப்போதைய சேகரகுரு: வெள்ளிப் பாத்திரத்தைப் பீரோவிலிருந்து எடுத்து, பாலிஷ் வாசம் போக வெந்நீரில் கழுவி வைக்க வேண்டும்.

கோயிலில் ரசம் ஊற்றுகிறவர், அவர் யாராக இருந்தாலும்: அன்று வருகிற அத்தனை பேருக்கும் ஊற்ற வேண்டும். குறைக்கக் கூடாது.

சபையார்: இஷ்டமிருந்தால் வரலாம். இஷ்டமில்லாதவர்கள் அப்பத்தோடு எழுந்து போகலாம், முன்னே போனது போல. காசநோய் என்று யாரும் சொல்ல வேண்டாம். மீந்தால் நான் குடிப்பேன். டாக்டர் கூடாது என்பார். அவரிடம் கேட்கப் போவதில்லை. பொன்னாடை வேண்டாம்.

மன்றம்: மறுத்தால், மறுத்ததைக் குறிப்புப் புத்தகத்தில் காரணத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்போதும் நான் வருவேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இந்தச் சீட்டை உள்ளே போகிறவர்களுக்கு வாசிப்பேன்.

நான்: இன்னும் பத்துப் படி பழக வேண்டும். ஞாயிறன்று, அறிவிப்பைப் படித்த அதே இடத்தில் நின்று, ஏழு வரியையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். உட்காரக் கூடாது.

எமீமாள்: ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் கதவைத் திறக்க வேண்டும். என் அங்கிக்கு நீலம் போட வேண்டும். அம்மா போடுகிற அளவு, கூடக் கூடாது. இட்லி நாலு கூடுதலாக வைக்க வேண்டும். கோயிலில் அம்மா வழக்கமாக முழங்காலிடும் இடத்தில், இடது ஓரத்தில், முழங்காலிட வேண்டும். நான் பாத்திரத்தோடு வரும்போது குடிக்கலாம், தலையை ஆட்டலாம். எதுவானாலும் அடுத்தவரிடம் போகுமுன் நான் அவள் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பேன். பின்னால் யார் இருமினாலும் அவள் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.